எண் அழிந்துபோன காப்பீட்டு அட்டையும் ஒரு வார அலைச்சலும்

அப்பாவுக்கு ஆஞ்சியோ எடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறது, சீக்கிரம் ஸ்டென்ட் வைத்துவிடுங்கள் என்றார் டாக்டர். முதலமைச்சர் காப்பீடு இருக்கிறதே என்று தைரியமாகத்தான் இருந்தோம். ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுண்டரில் இருந்த பெண் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 2012-ல் குடும்பத்தோடு போய்ப் போட்டோ பிடித்து வாங்கியது. இத்தனை வருடம் ரேஷன் பையிலேயே கிடந்து, எண் இருந்த இடம் வெள்ளையாகத் தேய்ந்திருந்தது. கடைசி மூன்று இலக்கம்தான் தெரிந்தது. "கலெக்டர் ஆபீஸ் போய்ப் புதுசு வாங்கிட்டு வந்துடுங்க" என்றார்.

போனது திங்கட்கிழமை. அதுவே தப்பு. திங்கள் குறைதீர்க்கும் நாள், மாவட்டமே மனுவோடு அங்கே நிற்கும். இரண்டு மணி நேரம் நின்று காப்பீட்டு மையத்துக்குள் போனால், அட்டையைப் பார்க்கக்கூட இல்லை. "வருமானச் சான்று இருக்கா? அது இல்லாம ஒண்ணும் பண்ண முடியாதும்மா." புது அட்டை கேட்கவில்லை, பழசுதான் தேய்ந்துவிட்டது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

சரி என்று இ-சேவையில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்து, வி.ஏ.ஓ.வைத் தேடி அலைந்து, சான்று கைக்கு வர ஐந்து நாள் ஆனது. அந்த ஐந்து ராத்திரியும் அப்பா இருமினாலே எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

இரண்டாம் முறை போனபோது இருக்கையில் வேறொரு தம்பி. சான்றை நீட்டினேன். "இது எதுக்குக்கா? ஆண்டு வருமானம் 1,20,000-க்குள்ள இருக்கான்னு புதுசா சேர்றவங்களுக்குத்தான் பார்ப்போம். உங்களுக்குத்தான் ஏற்கெனவே அட்டை இருக்கே" என்றார். ஐந்து நாள் வீண். அழுகையே வந்துவிட்டது.

அதோடு முடியவில்லை. ரேஷன் ஸ்மார்ட் கார்டு எண்ணைப் போட்டுத் தேடினால் பதிவே இல்லை என்று வந்தது. அந்தத் தம்பிதான் யோசித்துவிட்டு, "பழைய ரேஷன் புத்தகம் வச்சிருக்கீங்களா?" என்றார். ஸ்மார்ட் கார்டு வந்தது 2017-ல்; எங்கள் காப்பீடு அதற்கு முன்பே பதிவானது. அம்மாவுக்குப் போன் போட்டேன். பீரோவில் புடவைக்கு அடியிலிருந்து எடுத்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். நடுவில் வருவது ஜி-யா சி-யா என்று இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது. கடைசி இலக்கத்தைத் தட்டியதும் திரையில் எங்கள் குடும்பப் படம் வந்தது. நான் இரட்டைச் சடையில், பள்ளிச் சீருடையில். அப்பாவுக்கு நரையே இல்லை. ஐந்தே நிமிடத்தில் இ-கார்டு அச்சடித்துக் கொடுத்தார், ஒரு பைசா வாங்கவில்லை.

இதே தேடலை ஆஸ்பத்திரிக் கவுண்டரிலேயே செய்திருக்கலாம் என்று பிறகுதான் தெரிந்தது. அட்டை தொலைந்தாலும் தேய்ந்தாலும் பதிவு அழிவதில்லை. அதனால் முதலில் அங்கேயே, ரேஷன் எண்ணை வைத்துத் தேடச் சொல்லிக் கேளுங்கள். புது எண்ணில் வராவிட்டால் பழைய எண். முடியாது என்றால் காப்பீட்டுத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 425 3993-க்குப் பேசிவிட்டு, அப்புறம் கலெக்டர் ஆபீசுக்குக் கிளம்புங்கள். எல்லாருடைய ஆதாரும் கையில் இருக்கட்டும், திங்கட்கிழமை மட்டும் வேண்டாம். அட்டை எடுத்துத் தருகிறேன் என்று வாசலில் 300, 400 கேட்பவர்களிடம் போகாதீர்கள்.

மறுநாள் சாயங்காலமே ஒப்புதல் வந்து, அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. ஆண்டுக்கு 5 லட்சம் வரை உள்ள காப்பீட்டிலேயே எல்லாம் முடிந்தது. இப்போது வீட்டுக்குள் நன்றாக நடக்கிறார். அட்டை எண் எங்கள் நான்கு பேர் போனிலும் இருக்கிறது. உங்கள் வீட்டில் பழைய ரேஷன் புத்தகம் இருந்தால் தயவுசெய்து பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.