ரெண்டாவது ஹார்டு டிஸ்க் போட்ட கதை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரை ஆன் பண்ணிவிட்டு, காபி குடித்து, பேப்பரை ஒரு புரட்டு புரட்டிவிட்டு வந்து பார்த்தால் திரையில் இன்னும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. கேபினட்டுக்குள்ளிருந்து பல்லி சொல்கிற மாதிரி டிக், டிக், கொஞ்சம் இடைவெளி, மறுபடி டிக். விண்டோஸ் இருப்பது மதர்போர்டிலேயே செருகுகிற எம்.2 எஸ்எஸ்டியில், அதற்கு ஒன்றும் இல்லை. பல்லி சொன்னது 2016-இல் வாங்கிய 1 டிபி ஹார்டு டிஸ்க்.

டிஸ்கின் உடல்நிலையைக் காட்டுகிற கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளைத் திறந்தால் மஞ்சள் கட்டம், அதாவது எச்சரிக்கை. அதில் 05 என்ற வரி, கெட்டுப்போனதால் ஏற்கெனவே மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்களின் (டிஸ்கைப் பிரித்து வைத்திருக்கிற குட்டித் துண்டுகளின்) கணக்கு. சி5 என்ற வரி, படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் செக்டர்களின் கணக்கு. இரண்டும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும், எனக்கு இரண்டிலும் எண்கள் இருந்தன, அதுவும் சி5-இல் அரை மணி நேரத்துக்குள் கூடியது.

அப்பாவின் அறுபதாம் கல்யாண வீடியோ அந்த டிஸ்கில்தான் இருக்கிறது. கேம்கார்டரில் எடுத்த ஒரிஜினல் கோப்புகள், ஈ டிரைவில். ஆனால் நான் ஏமாளி இல்லை, பிற்காலத்தில் ஏதாவது ஆகிவிட்டால் என்று அதையே இன்னொரு காப்பி எடுத்து எஃப் டிரைவிலும் வைத்திருந்தேன். ஈ, எஃப், இரண்டும் ஒரே டிஸ்க். ஒரே பெட்டி, ஒரே மோட்டார், ஒரே ஊசி. ஒரு பையில் இருந்த பணத்தை எடுத்து அதே சட்டையின் இன்னொரு பையில் போட்டுவிட்டு, திருடனிடமிருந்து தப்பித்துவிட்டதாக நினைத்துக்கொண்ட கதை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றால், எக்ஸ்பி காலத்தில் அசெம்பிள் பண்ணிக் கொடுக்கிறவர்கள் ஒரு டிஸ்கை சி, டி, ஈ, எஃப் என்று நாலாக வெட்டித்தான் கொடுப்பார்கள். அதற்கு அப்போது அர்த்தம் இருந்தது: மாதம் ஒரு வைரஸ் வரும், சி-யை மட்டும் அழித்து விண்டோஸை மறுபடி போட்டால் டி-யில் இருப்பது தப்பிக்கும். "முக்கியமானதை எல்லாம் டி-ல போட்டுக்குங்க சார், பத்திரமா இருக்கும்" என்று சொன்னதன் பொருள் அவ்வளவுதான். நாம்தான் அந்தப் பத்திரத்தை ஆயுள் காப்பீடாக எடுத்துக்கொண்டோம். இன்றைக்கும் என் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் "பேக்கப்பா? டி டிரைவ்ல இருக்கே" என்றுதான் சொல்கிறார்கள்.

சரி, இரண்டாவது டிஸ்க் வாங்கியாக வேண்டும். 4 டிபி, 3.5 அங்குலம். எஸ்எஸ்டியே வாங்கியிருக்கலாம்தான், ஆனால் வருடத்துக்கு நாலு தடவை திறந்து பார்க்கிற வீடியோவுக்கு அந்த வேகம் எதற்கு, அதே காசுக்குச் சுழல்கிற டிஸ்கில் கிடைக்கிற இடமோ பல மடங்கு. வாங்கும்போது எஸ்எம்ஆரா சிஎம்ஆரா என்று மட்டும் பாருங்கள். எஸ்எம்ஆர் என்பது ஓடு வேய்ந்த மாதிரி, ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் கொஞ்சம் ஏறி உட்கார்ந்திருக்கும். நடுவில் ஒரே ஒரு ஓடு மாற்ற வேண்டுமென்றால் பக்கத்து ஓடுகளையும் பிரித்துப் போட வேண்டும், அதனால் அழித்து அழித்து எழுதினால் இழுக்கும். ஒரு முறை போட்டு வைப்பதற்கு அது போதும். சிஎம்ஆரில் தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. நான் சிஎம்ஆர் வாங்கினேன், கூடுதல் காசுக்கு வீட்டில் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

முதல் முறை வாங்குகிறவர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. உள்ளே போடுகிற டிஸ்கை வாங்கினால் பெரும்பாலும் ஒரு வெள்ளி நிறக் கவருக்குள் டிஸ்க் மட்டும்தான் வரும். கேபிள் கிடையாது, ஸ்க்ரூ கிடையாது. டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கிற சாட்டா கேபிளுக்காக மறுபடி கடைக்கு ஓடப் பார்த்தவன், கேபினட்டைத் திறந்ததும் நின்றேன். உள்ளே டிவிடி ரைட்டர் ஒன்று சும்மா உட்கார்ந்திருக்கிறது. நான் கடைசியாக டிவிடி போட்டது எப்போதென்று எனக்கே ஞாபகமில்லை. அதற்குப் போகிற டேட்டா கேபிளும் பவர் கேபிளும் அச்சு அசலாக ஹார்டு டிஸ்குக்குத் தேவையானவைதான். இரண்டையும் பிடுங்கிக்கொண்டேன். பவர் கேபிள் இல்லாதவர்களுக்குப் பழைய நாலு முனை மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றுகிற ஒரு குட்டை கேபிளைக் கடையில் தருவார்கள். அதில் முனை முழுக்க பிளாஸ்டிக் ஊற்றி மூடிய மலிவு வகை, உள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று உரசி எரிந்துபோன கதைகள் ஏராளம், அதை மட்டும் தொடாதீர்கள்.

ஸ்க்ரூவிலும் ஒரு விஷயம். எஸ்எஸ்டியோடு வந்த குட்டி ஸ்க்ரூக்கள் டப்பாவில் கிடந்தன, ஒன்றை எடுத்து ஹார்டு டிஸ்க் ஓட்டையில் விட்டேன், சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிடிக்கவே இல்லை. இரண்டும் வேறு மரை. 3.5 அங்குல டிஸ்குக்குக் கொஞ்சம் தடித்த, மரை அகலமான ஸ்க்ரூ வேண்டும், கேபினட்டின் பின்பக்கம் இருக்கிறதே, பெரும்பாலும் அதே ரகம். டிவிடி ரைட்டரைப் பிடித்திருந்ததை எடுத்துப் பார்த்தேன், அதுவும் ஒல்லி ரகம், ஆகவே பக்கவாட்டுக் கதவில் இருந்த கட்டை விரல் ஸ்க்ரூ இரண்டு, சும்மா மூடிக்கிடந்த பிசிஐ தகட்டிலிருந்து இரண்டு. கதவு இப்போது ஒரு பக்கம் லேசாகத் திறந்துதான் நிற்கிறது.

மற்றபடி மாட்டுகிற வேலை பெரிதில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி மிச்ச கரண்டை வெளியேற்றிவிட்டு, கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தால் போதும். சாட்டா முனையில் உள்ளே எல் வடிவம் இருக்கும், ஒரே ஒரு பக்கமாகத்தான் போகும், போகவில்லையென்றால் திருப்பிப் போடுங்கள், அழுத்தாதீர்கள். அந்தக் காலத்தில் பட்டை கேபிளும், மாஸ்டர் ஸ்லேவ் என்று ஒரு ஜம்பரை நகத்தால் பிடுங்கி மாற்றுவதும் என்று பட்ட பாட்டுக்கு இது பஞ்சு மிட்டாய்.

ஆன் செய்தேன். டிஸ்கின் மேல் கை வைத்தால் சுற்றுகிற அதிர்வு தெரிகிறது. விண்டோஸுக்கு முன்னால் வருகிற பயாஸ் திரையில் டிஸ்க் இல்லை. கேபிளைக் கழற்றி மாட்டினேன், இல்லை. ஒரு மணி நேரம் போனது. புது டிஸ்கே டப்பா என்று முடிவு கட்டி பில்லைத் தேட ஆரம்பித்த பிறகுதான் மதர்போர்டு கையேட்டை எடுத்தேன். எறும்பு அளவு எழுத்தில் ஒரு குறிப்பு: எம்.2 இடத்தில் எஸ்எஸ்டி போட்டிருந்தால் ஐந்தாவது, ஆறாவது சாட்டா போர்ட்டுகள் வேலை செய்யாது. எல்லா போர்டிலும் இப்படி இல்லை, ஆனால் நிறைய போர்டுகளில் உண்டு. டிவிடி ரைட்டர் மாட்டியிருந்தது ஐந்தில். அதாவது எஸ்எஸ்டி போட்ட நாளிலிருந்தே அந்த டிவிடி ரைட்டர் செத்துக்கிடந்திருக்கிறது, நான் கவனிக்கவே இல்லை. கேபிளை இரண்டாம் போர்ட்டுக்கு மாற்றியதும் டிஸ்க் வந்துவிட்டது.

விண்டோஸ் வந்தது. திஸ் பிசியைத் திறந்தால் சி இருக்கிறது, டி, ஈ, எஃப் இருக்கிறது, புதியது இல்லை. இந்த இடத்தில்தான் நிறைய பேர் பயந்துபோய் டிஸ்கைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். புது டிஸ்க் என்பது வெறும் மனை மாதிரி. பட்டா இல்லை, வேலி இல்லை, கதவு எண் இல்லை. விண்டோஸ் அதை வீடாக எப்படிக் காட்டும்? ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டுக்குப் போனால் உடனே ஒரு கட்டம் குதித்து வரும், இனிஷியலைஸ் (பயன்பாட்டுக்குத் தயார்) செய்யட்டுமா, எம்பிஆரா ஜிபிடியா என்று.

4 டிபிக்கு ஜிபிடி என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. இரண்டும் டிஸ்கில் எந்தப் பகுதி எங்கே என்று எழுதி வைக்கிற கணக்குப் புத்தகங்கள். எம்பிஆர் பழையது, செக்டர் எண்ணை எழுத அதில் 32 பிட் இடம்தான் உண்டு, ஒரு செக்டர் 512 பைட் என்றால் 2 டிபியோடு புத்தகம் முடிந்துவிடும். தெரியாமல் எம்பிஆர் கொடுத்தால் மிச்ச இடம் கறுப்புப் பட்டையாக அப்படியே கிடக்கும், அதில் எதுவும் செய்ய முடியாது. தகவல் வைக்க மட்டும் என்றால் 2 டிபிக்குக் குறைந்த டிஸ்குக்கும் ஜிபிடியே கொடுங்கள், ஒன்றும் குறையாது.

ஆனால் ஓகே அழுத்துவதற்கு முன்னால் கையை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் திரையைப் பார்த்தேன். காரணம் இருக்கிறது. 2014-இல் மேன்ஷனில் இருந்தபோது ஒரு பென் டிரைவைச் சரிசெய்கிறேன் என்று டிஸ்க்பார்ட் என்ற விண்டோஸ் கருவியில் டிஸ்க் எண்ணைத் தப்பாகத் தேர்ந்தெடுத்து கிளீன் என்ற அழிக்கும் கட்டளையை அடித்தேன். அது "நிச்சயமாகவா?" என்று ஒரு கேள்வி கூடக் கேட்காது. ரூம்மேட்டின் எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒரு நொடியில் காலி. மென்பொருள் வைத்துப் பாதியை மீட்டுக் கொடுத்தேன், கோப்புகளின் பெயர்கள் எல்லாம் போய் வெறும் எண்களாக வந்தன. ஆறு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அதனால் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்ற எண்களை நான் நம்புவதே இல்லை. இந்த முறையும் பாருங்கள், நேற்றுவரை டிஸ்க் 1 என்று இருந்த எஸ்எஸ்டி இன்றைக்கு டிஸ்க் 2 ஆகிவிட்டது, 1 என்ற எண் புதியதற்குப் போய்விட்டது. யுஎஸ்பியில் செருகியிருப்பதை எல்லாம் பிடுங்கிவிட்டு, அளவைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 3726 ஜிபி என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் முழுக்க அன்அலோகேட்டட், அதாவது எதற்கும் ஒதுக்காத வெற்று இடம். அப்புறம்தான் ஓகே.

"நாலு டிபி வாங்கிட்டு 3.63 தானே காட்டுது, ஏமாத்திட்டானா?" இது பக்கத்தில் நின்ற அத்தான். ஏமாற்றவில்லை. கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான், அவன் கணக்கில் 4 லட்சம் கோடி பைட். விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணிவிட்டு அதே டிபி என்ற பெயரைப் போட்டுக் காட்டுகிறது. மேக்கில் மாட்டினால் அதே டிஸ்க் 4 டிபி என்றே காட்டும். அத்தான் நம்பவில்லை, தங்கத்தில் சேதாரம் போடுவது மாதிரி இதிலும் ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கறுப்புப் பட்டையில் ரைட் கிளிக், நியூ சிம்பிள் வால்யூம். வெட்டவில்லை, முழுவதும் ஒன்றே. டிரைவ் எழுத்துக்கு எஸ் கொடுத்தேன். கோப்புகளை அடுக்கும் முறைக்கு என்டிஎஃப்எஸ், அலோகேஷன் யூனிட் டீஃபால்ட். எஃப்ஏடி32 என்ற பழைய முறையின் பேச்சே வேண்டாம், அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, கல்யாண வீடியோ எப்படி நிற்கும். பெயர் கேட்கிற இடத்தில் தமிழிலேயே பெட்டகம் என்று அடித்தேன், எடுத்துக்கொண்டது.

கடைசியாக குயிக் ஃபார்மேட் என்ற டிக். அதை விட்டுவைத்தால் பத்து நொடியில் வேலை முடியும், கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கங்களை மட்டும் புதிதாக எழுதும். எடுத்துவிட்டால் டிஸ்க் முழுக்க பூஜ்ஜியம் எழுதிக்கொண்டே போகும். எல்லோரும் குயிக் போதும் என்பார்கள், மாற்றிக் கொடுக்கிற கெடு இருக்கும்போதே புது டிஸ்கை ஒரு தடவை முழுக்க ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. பழுது இருந்தால் அம்மாவின் போட்டோக்கள் ஏறுவதற்கு முன்னால் தெரியட்டும். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தேன், யூபிஎஸ் தாங்குமா, கரண்ட் போகுமா என்று இரண்டு தடவை எழுந்து பார்த்தேன், காலையில் ஆறரைக்கு வந்தபோது முடிந்திருந்தது. 05, சி5 இரண்டிலும் பூஜ்ஜியம்.

பழைய டிஸ்க் செத்துக்கொண்டிருக்கும்போது அதில் டிஃபிராக் (கோப்புகளை ஒழுங்காக அடுக்குவது), செக்டிஸ்க் (பிழை தேடுவது) என்று ஓட்டாதீர்கள், ஐசியூவில் இருக்கிறவரை ஓடச் சொல்வது அது. முக்கியமானதை முதலில் எடுத்துவிட வேண்டும். போட்டோக்கள் எல்லாம் வந்துவிட்டன. ஈ டிரைவின் கல்யாணக் கோப்புகள் பதினொன்றில் மூன்று வரவில்லை, 12 சதவீதத்தில் நின்று டிக் டிக். வெட்கத்தோடு சொல்கிறேன், நான் மேலே திட்டித் தீர்த்த அந்த எஃப் டிரைவ் காப்பியிலிருந்து மூன்றில் இரண்டு ஒழுங்காக வந்தன. கெட்ட செக்டர்கள் அந்தப் பக்கம் இன்னும் பரவவில்லை, அவ்வளவுதான். இதை அத்தானிடம் சொல்லவில்லை.

இப்போது எல்லாம் பெட்டகத்தில் இருக்கிறது, இன்னொரு காப்பி எக்ஸ்டர்னல் டிஸ்கில் தஞ்சாவூரில் அக்கா வீட்டுப் பீரோவில். மீதி ஒரு கோப்பு பந்தி வீடியோ. படிக்க முடியாத இடங்களைத் தாண்டிக் காப்பி எடுக்கிற மென்பொருளை ஒரு ராத்திரி முழுக்க ஓட்டியதில் பாதி வந்தது. நன்றாகவே ஓடுகிறது, சித்தப்பா வாளியிலிருந்து கரண்டி நிறையப் பாயசத்தைத் தூக்குகிற வரைக்கும். அப்புறம் திரை பச்சையாகிவிடுகிறது.