பூனையின் வாலும் கீரிமலைக் கடலும்

1978ஆம் ஆண்டு எங்கள் கல்லூரி மண்டபத்தில் நடந்த சித்திரக் கண்காட்சியில் என் வகுப்புத் தோழன் ஒருவன் கீறிய கடல் படம் தொங்கியது. யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கடல், பொழுதுபடும் நேரம். கிட்டப்போய்ப் பார்த்தால் செம்மஞ்சள் திட்டுகளும் ஊதாக் கோடுகளும்தான். நடுவில் ஒரு வள்ளம் சரிந்து நிற்கும். மறுநாள் காலை, பாடம் தொடங்குமுன், அதே படத்தைக் கரும்பலகையில் வெண்கட்டியால் கீறி, கீழே ‘சாயப்போத்தல் உடைந்த இடம்’ என்று எழுதினேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவன் மட்டும் வாங்கில் தலை குனிந்து இருந்தான்.

சித்திர மாஸ்ரர் வந்தார். பலகையை அழிக்கவில்லை, கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “வள்ளத்தின்ரை சரிவைச் சரியாப் பிடிச்சிருக்கிறாய். அந்தப் படத்தை இவ்வளவு கவனமா இஞ்சை ஒருத்தரும் பாக்கேல்லை. பாக்கத் தெரிஞ்ச நீ ஏன்ரா அவனை நோகடிச்சனி?” என்றார். பிறகு அன்றைய பாடத்தை விட்டுவிட்டு, பாரிஸ் நகரத்தில் ஒரு பத்திரிகை ஓர் ஓவியத்தைப் பழித்து எழுதிய கதையைச் சொன்னார். அதுவும் கடல் படம், அதிலும் வள்ளங்கள்.

அந்தப் பத்திரிகையின் பெயர் ‘ல ஷாரிவாரி’. பொருந்தாத கல்யாணம் நடந்த வீட்டின் முன்னால் ஊரார் கூடிச் சட்டி பானை தட்டி எழுப்பும் கூச்சலுக்குப் பிரெஞ்சில் அதுதான் பெயர். ஷார்ல் பிலிப்போன் 1832இல் தொடங்கிய நாளேடு அது. நாளுக்கொரு கேலிச்சித்திரம், பெரும்பாலானவை கல்லில் கொழுப்பு மையால் வரைந்து அச்சிட்டவை. மன்னர் லூயி பிலிப்பைக் கேலி செய்ததற்காகக் கேலிச்சித்திரக்காரர் ஒனோரே தோமியே அதே 1832இல் சிறை சென்றார். 1835 செப்டெம்பரில் வந்த சட்டம் அரசியல் கேலியின் வாயை அடைத்தது. அதன் பிறகு வீதி, நீதிமன்றம், நாடகக் கொட்டகை, ஓவியக் கண்காட்சி என்று ஊர் வாழ்க்கையின் பக்கம் கேலிச்சித்திரக்காரர்கள் திரும்பினார்கள்.

சலோன் என்ற அரச கண்காட்சி பாரிசுக்கு ஒரு திருவிழா. 1855 உலகக் கண்காட்சிக்கென்று ஷாம்ஸ் எலிசேயில் கட்டிய பெரிய மாளிகையில், சட்டத்தோடு சட்டம் முட்ட, கூரை வரைக்கும் படங்கள். மேலே தொங்குவது கீழே நிற்பவருக்குத் தெரியாது. அங்கே போகாத வாசகர் பலர் அந்த ஓவியங்களை முதன்முதலாகக் கண்டதே கேலிச்சித்திரமாகத்தான்.

நான் பாரிசுக்கு வந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான், தேசிய நூலகம் கணினியில் ஏற்றியிருக்கும் பழைய ‘ஷாரிவாரி’ இதழ்களை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன். மாஸ்ரர் சொன்ன நாளையும் கண்டுபிடித்தேன்: 1874 ஏப்ரில் 25. புகைப்படக்காரர் நதாரின் பழைய கூடத்தில், கப்புசின் புலவாரில் 35ஆம் இலக்கத்தில், மொனே, தெகா, பிசாரோ, செசான் முதலிய ஓவியர்கள் தாங்களாகவே ஒரு கண்காட்சி வைத்திருந்தார்கள். ‘ஷாரிவாரி’யில் லூயி லெருவா என்பவர் அதைப் பற்றி ஓர் உரையாடல் எழுதினார். சுவரில் ஒட்டும் காகிதத்தின் ஆரம்ப நிலைகூட மொனேயின் கடலைவிட முடிந்த வேலையாக இருக்கும் என்று அதில் வரும் கிழட்டு ஓவியர் ஒருவர் சொல்கிறார். படத்தின் பெயர் ‘இம்ப்ரெஷன், சூரிய உதயம்’; இம்ப்ரெஷன் என்றால் மனப்பதிவு. லெருவா தன் கட்டுரைக்கு ‘இம்ப்ரெஷனிஸ்டுகளின் கண்காட்சி’ என்று தலைப்பிட்டார். பழிக்க வைத்த அந்தப் பெயரை மூன்றாண்டு கழித்து ஓவியர்களே தங்கள் கண்காட்சிக்குச் சூட்டிக்கொண்டார்கள்.

அந்த 1877 கண்காட்சியை ஷாம் என்ற கேலிச்சித்திரக்காரர் கீறிய படம் இன்றும் பலருக்குத் தெரியும். வாசலில் ஒரு காவலர், கர்ப்பிணிப் பெண்ணொருத்தியை உள்ளே விடாமல் தடுக்கிறார்: “அம்மணி, இது நல்லதல்ல, திரும்பிப் போங்கள்.” ஷாமின் உண்மைப் பெயர் அமெதே த நோவே, ஒரு பிரபுவின் மகன். நோவே என்பது பைபிளின் நோவா; நோவாவின் மகன் காம், பிரெஞ்சில் ஷாம். புனைபெயரே ஒரு சிலேடை. ஆனால் கை விரைந்த அளவுக்கு அவர் கண் நின்று பார்க்கவில்லை என்பது என் எண்ணம்.

தோமியே வேறு. 1864இல் அவர் கீறிய படத்தில் இரண்டு பெண்கள் சலோனில் நிற்கிறார்கள். சுற்றிலும் ஆடையில்லாத தேவதைகள். “இந்த வருசமும் வீனஸ்... எப்பவும் வீனஸ்தான்! இப்படியும் பெண்கள் இருக்கிறார்களாக்கும்!” என்கிறாள் ஒருத்தி. அவர் பார்த்தது பார்ப்பவர்களை. தானும் ஓவியராக இருந்து, தன் ஓவியங்களைக் காண ஆளில்லாமல் வாழ்ந்தவர். 1878இல்தான் அவருக்கென்று ஒரு பெரிய கண்காட்சி நடந்தது; அப்போது கண்பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. மறுவருடம் பெப்ரவரியில் இறந்தார். அதே 1879இல் ஷாமும் போனார்.

இனி பூனை. 1865 சலோனில் எடுவார் மனே என்ற ஓவியரின் ‘ஒலிம்பியா’வுக்கு விழுந்த அடி சொல்லி முடியாது; படுக்கையில் ஆடையின்றிச் சாய்ந்திருக்கும் ஒரு பெண்ணின் ஓவியம் அது. பெர்தால் என்ற கேலிச்சித்திரக்காரர் அதைக் கேலி செய்து கீறிய படத்தின் பெயர் ‘பூனையின் வால், அல்லது பத்தினோலின் கரிக்காரி’. பத்தினோல், மனேயைச் சார்ந்த ஓவியர்கள் கூடிய பகுதி. கரிக்காரி என்றது மனே நிழலுக்கு வைத்த கருமையை அழுக்கென்று கண்டதால். ஓர்சே நூதனசாலையில் அந்த ஓவியத்தின் முன்னால் நான் பலமுறை நின்றிருக்கிறேன். வெள்ளைப் படுக்கையும், அவளது நேர்ப் பார்வையும், பணிப்பெண் நீட்டும் பூங்கொத்தும் கண்ணை இழுத்துவிடும். வலது ஓரத்து இருட்டில் வாலை நிமிர்த்தி நிற்கும் கறுப்புப் பூனையை நான் ஒருநாளும் சரியாகப் பார்த்ததில்லை. பெர்தாலின் படத்தைக் கண்ட பிறகு போனேன். இருட்டுக்குள்ளிருந்து அது எழுந்து வந்தது. மனேக்கு முன்மாதிரியாக இருந்த, இத்தாலிய ஓவியர் டிசியானோவின் வீனஸ் ஓவியத்தில் அந்த இடத்தில் ஒரு நாய் நிம்மதியாக உறங்கும். மனே அதை எடுத்துவிட்டுப் பூனையை வைத்தார். பழிக்க வந்தவர்தான் எனக்கு அதைக் காட்டினார்.

அன்று நெடுநேரம் அங்கே இருந்தேன். கீரிமலைப் படத்தின் வள்ளம் எந்தப் பக்கம் சரிந்திருந்தது என்பது இப்போதும் நினைவிருக்கிறது: இடப்பக்கம், பாய் இறக்கிய நிலையில். அந்தக் கடலுக்கு அவன் இட்ட ஊதா ஏன் என்று அப்போது கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

மாஸ்ரர் இப்போது இல்லை. தோழன் எந்த நாட்டில் இருக்கிறான் என்பது எனக்குத் தெரியாது. இந்த மலர் பல நாடுகளுக்கும் போகிறது. 1978ஆம் ஆண்டு பத்தாம் வகுப்பில் எங்களோடு படித்து, கீரிமலைக் கடலைக் கீறியவன் இதை வாசித்தால், மலர்க் குழு மூலம் எனக்கு ஒரு வரி எழுதட்டும். அந்தப் படம் எவர் வீட்டிலாவது இருந்தால் அதையும் அறியத் தாருங்கள்.