தைப்பட்டப் பீர்க்கு: சாயங்காலம் தூரிகை வேண்டாம், ஆண்பூவே போதும்

மாடிப் பந்தலில் பீர்க்கு இந்தப் பட்டத்தில் உதிராமல் காய் பிடிக்கிறது. பங்குனி வெயிலில், 18-க்கு 18 அங்குலப் பையில், நகரத்து மொட்டை மாடியில் இது நடக்கிறது என்பதால்தான் எழுதத் தோன்றியது. காரணம் உரமும் இல்லை, மருந்தும் இல்லை. ஆண்பூவின் மகரந்தத்தைக் கையால் பெண்பூவில் தொடும் நேரம்தான். கொடிக்காய் போடுகிற பலரும் காலையில் எழுந்து பரங்கிப் பூவைத் தொட்ட கையோடு பீர்க்குக்கும் வருகிறார்கள். அந்த நேரத்தில் பீர்க்கம்பூ வாடி முடிந்திருக்கும்.

கொடிக்குக் கொடி பூக்கிற நேரம் வேறு. பரங்கியும் பாகலும் விடியற்காலை. வரியில்லாத நுரைப்பீர்க்கும் காலைதான். வரி வரியாக இருக்கும் நம் பீர்க்கு, சுரை, புடலை மூன்றும் மாலையிலும் இரவிலும் விரிபவை. பீர்க்கு ஐந்து மணி வாக்கில் இதழ் பிரிக்கத் தொடங்கி ஏழுக்குள் முழுதாக மலர்ந்துவிடும். இரவெல்லாம் திறந்திருந்து மறுநாள் வெயில் ஏறுவதற்குள் சுருங்கிவிடும். வயல்வெளியில் அந்திப்பூச்சிகளும் மாலையில் திரும்பும் தேனீக்களும் வேலையை முடித்துவிடும். நாலு பக்கமும் சுவர் நிற்கிற மாடியில் அந்த நேரத்துக்கு வந்து போகிறவை குறைவு. அதனால் கைமகரந்தம் இங்கே கட்டாயம்.

முதலில் காலையிலேயே ஒரு பார்வை பார்த்து வைக்க வேண்டும். அன்று மாலை திறக்கப் போகிற மொட்டு மற்ற மொட்டுகளைவிடப் பருத்து, நுனியில் மஞ்சள் தெரியும்படி நிற்கும். பெண்மொட்டின் அடியில் வரியோடு குட்டிப் பீர்க்கு இருக்கும், தனியாக வரும். ஆண்பூ கொத்தாக ஒரே காம்பில் வரிசையாக வந்து, நாளுக்கு ஒன்றிரண்டாக விரியும். எந்தக் கணுவில் பெண் இருக்கிறது என்று ஒரு நூல் கட்டி வைத்தால் மாலையில் இலைக்குள் தேட வேண்டியதில்லை. பந்தலின் மேல்பக்கம் ஏறிவிட்ட பெண்பூதான் கண்ணில் படாமல் வீணாகும்.

ஐந்தரை, ஆறு மணிக்குப் போகலாம். அன்று விரிந்த ஆண்பூவைக் காம்போடு பறித்து, மஞ்சள் இதழ்களைப் பின்னால் மடக்கியோ பிய்த்தோ விட வேண்டும். நடுவில் மகரந்தப் பொடி நிற்கும். விரலில் தொட்டால் பொடி ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் அந்தப் பூ இன்னும் வெடிக்கவில்லை, கால்மணி நேரம் பொறுக்கலாம். பெண்பூவின் நடுவில் சூல்முடி மூன்று பிளவாக இருக்கும். இந்த மூன்று பிளவிலும் பொடி படுவதுதான் இந்த வேலையின் உயிர். ஒரே பக்கம் தடவிவிட்டு வந்தால் விதை ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும். காய் அரிவாள் மாதிரி வளையும், அல்லது கழுத்து ஒல்லியாகி அடி மட்டும் உருளும். வளைந்த காயைப் பார்த்துச் சத்துக் குறைவு என்று நினைத்து உரத்தை அள்ளிப் போடுவது பரவலான பழக்கம். பெரும்பாலும் அது மகரந்தக் குறைவு.

ஓவியத் தூரிகை, காது குடையும் பஞ்சுக்குச்சி என்று பலரும் சொல்கிறார்கள். இரண்டிலும் பொடி இழைக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது, சூல்முடியில் மிச்சம் கொஞ்சம்தான் இறங்குகிறது. பூவையே தூரிகையாகப் பிடிப்பதே நல்லது. அழுத்தித் தேய்க்காமல் மெல்ல மூன்று சுற்று. ஒரு ஆண்பூ இரண்டு பெண்பூவுக்குத் தாராளமாகப் போதும். நேற்றைய ஆண்பூவைப் பயன்படுத்த வேண்டாம், நாளைக்கு விரியும் பெண்பூவை இன்றே பிரித்துத் தொடவும் வேண்டாம். அன்று மாலை விரிந்த இரண்டும் சேர்ந்தால்தான் பிடிப்பு நிச்சயம்.

தொட்ட மூன்றாம் நாள் முடிவு தெரியும். பிடித்த பிஞ்சின் காம்பு தடித்துக் கீழே வளையும், வரிகள் நன்றாகப் புடைக்கும். பிடிக்காதது நுனியிலிருந்து மஞ்சளாகிச் சுருங்கும்.

உதிர்ந்த எல்லாப் பிஞ்சையும் மகரந்தக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே சுத்தமாக, வெறுமனே வாடியிருந்தால் மகரந்தம் சேரவில்லை. வெள்ளைப் புழு நெளிந்தால் பழ ஈ. மொட்டு திறக்கும் முன்பே மஞ்சளாவதில் பெரும்பாலும் இந்த ஈயின் கை இருக்கும், பூமொட்டிலேயே முட்டையிடும். பிளந்தால் சுத்தம், மகரந்தமும் சரியாகத் தொட்டது, இருந்தும் உதிர்கிறது என்றால் கொடியில் ஏற்கெனவே முற்றிக்கொண்டிருக்கும் காய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விதை முற்றத் தொடங்கிய ஒரு காய், அதே கொடியின் அடுத்த பிஞ்சுகளுக்குப் போகிற சத்தை இழுத்துக்கொள்ளும். ஒன்றுவிட்டு ஒரு நாள் அறுவடை என்பது இதற்காகத்தான். இலைக்குள் ஒளிந்து முற்றிய ஒரே ஒரு காய் அந்த வாரத்து விளைச்சலைக் கெடுத்துவிடும்.

பழ ஈப் பொறி வாங்கும்போது ஒன்றைக் கவனமாகக் கேட்டு வாங்க வேண்டும். கடையில் 'பழ ஈப் பொறி' என்றால் மா, கொய்யாவுக்கான மெத்தில் யூஜினால் வில்லையைத்தான் பெரும்பாலும் எடுத்து நீட்டுகிறார்கள். அது கொடிக்காய் ஈக்கு வேலை செய்யாது. நமக்கு வேண்டியது கொடிக்காய் ஈயை வாசனையால் இழுக்கும் கியூலூர் வில்லை. உறையில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். பொறி டப்பா ஒன்றேதான், உள்ளே வைக்கும் வில்லைதான் வேறு. அதனால் டப்பா ஏற்கெனவே இருந்தால் வில்லை மட்டும் போதும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கியூலூரும் ஆண் ஈக்களை மட்டுமே பிடிக்கும் என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். ஏற்கெனவே கருவுற்ற பெண் ஈ சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே பொறியோடு உறையும் வேண்டும்: மகரந்தம் தொட்ட மறுநாள் காலை, பிஞ்சுக்குத் தளர்வான சல்லடைத் துணிப் பை. காய் துணியோடு ஒட்டினால் ஈ துணி வழியாகவே முட்டையைச் செருகிவிடும், ஆகவே பை அகலமாக இருக்கட்டும். தோலில் பிசின் கசிந்த புள்ளி தெரிந்தால் அந்தக் காய் போனது போனதுதான். அதை மட்கு உரத்தொட்டியில் போடாமல் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் இரண்டு வாரம் வைத்துவிட்டு எறியுங்கள். மண்ணில் விழுந்தால் அங்கேயே கூட்டுப்புழுவாகி அடுத்த தலைமுறை கிளம்பும்.

வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் தெளியுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். மற்ற செடிக்குச் சரி. பீர்க்குக்கு மாலைதான் பூக்கிற நேரம், எண்ணெய் பட்ட பூவில் மகரந்தம் ஒட்டாது. சூரியன் ஏறும் முன், விடியற்காலையில், இலையின் அடிப்பக்கம் மட்டும் நனையும்படி தெளித்துவிடுவது நல்லது. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய நாலைந்து சொட்டுக் காதிச் சோப்புக் கரைசல்.

ஆண்பூ மட்டுமே வருகிறது என்ற புலம்பல் ஆண்டுதோறும் கேட்கிறது. தொடக்கத்தில் ஆண்பூ முந்துவது இயல்பு, பதற வேண்டியதில்லை. வெப்பமும் நீண்ட பகலும் ஆண்பூவைக் கூட்டும். ஆகையால் மாசி முடிவதற்குள் பந்தலில் ஏறிவிடும்படி தை முதல் பாதியிலேயே விதைத்துவிடுவது உத்தமம். தழைச்சத்து மிகுந்தாலும் இதே கதை. கடலைப் புண்ணாக்குக் கரைசலை மொட்டு தெரிந்ததும் நிறுத்திவிட்டு, மாதம் ஒரு கைப்பிடி விறகுச் சாம்பலும் மண்புழு உரமும் போதும். நுனி கிள்ளுவதும் உதவும், 3ஜி கட்டிங் என்று இப்போது எல்லார் வாயிலும் இருப்பது இதுதான். தாய்க்கொடி பந்தலைத் தொடும்வரை கீழே வரும் பக்கக் கொடிகளை எடுத்துவிட்டு, மேலே வந்ததும் நுனியைக் கிள்ளவும். அதிலிருந்து வரும் கொடிகளில் இரண்டை மட்டும் விட்டு, ஒவ்வொன்றும் ஐந்தாறு இலை விட்டதும் மறுபடி கிள்ளவும். மூன்றாவதாக வரும் கொடிகளில் பெண்பூ நெருக்கமாக வரும். வெயில் உச்சத்தில் இருக்கும்போது கிள்ள வேண்டாம், கொடி சோர்ந்துவிடும்.

பையைத் தளத்தின் மேல் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் உயரத்தில் வையுங்கள். மேலே இரண்டு அங்குலம் காய்ந்த சருகு. மதியம் இலை தொங்குவது சாதாரணம். மாலை ஐந்துக்கும் நிமிராவிட்டால் வேர் சூட்டில் இருக்கிறது என்று அர்த்தம், அந்த நாள் பெண்மொட்டு தங்காது.

விதை விஷயத்தில் ஒரு வார்த்தை. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1, கோ 2, பெரியகுளத்தின் பிகேஎம் 1 மூன்றும் நம்பிப் போடலாம். கோ 2 காய் ஒரு மீட்டரை நெருங்கும். மாடிப் பந்தல் ஐந்தடி உயரம்தான் என்றால் கோ 1 வசதி. விதைத் திருவிழாக்களில் கிடைக்கும் நாட்டு ரகங்களில் சுவை அருமை, ஆனால் கசப்புக் காய் வரும் வாய்ப்பும் இருக்கிறது. அடுத்து முயல வேண்டியது பீகார்ப் பக்கம் விளையும் சாத்புதியா. ஒரே பூவில் ஆண் பெண் இரண்டும் இருக்கும், கொத்துக் கொத்தாகக் குட்டிக் காய் பிடிக்கும். மாலையில் வீட்டில் இருக்க முடியாதவர்களுக்கு அது பெரிய வரம். ஆடிப்பட்டத்துக்குள் விதை கைக்கு வரும்படி இப்போதே சொல்லி வைத்தாயிற்று. அதற்குத் தனியாக இரண்டு பை மண் கலக்க வேண்டும். தென்னைநார்க் கழிவைக் கழுவும் வேலையும் பாக்கி.

இனி அடுப்படி. பறித்த காய் எதுவானாலும் நுனியில் ஒரு சீவல் வெட்டி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் எறிந்துவிட வேண்டும். பாகல் கசப்பு வேறு, பீர்க்கு கசப்பது நஞ்சு, வேகவைத்தாலும் போகாது. ஒரு கசப்புக் காய் பானைக் கூட்டையே கெடுக்கும்.

இளங்காயில் தோலைத் துவையலுக்கு எடுத்து வையுங்கள். வரியின் முரட்டு விளிம்பை மட்டும் முதலில் சீவி எறிந்துவிட்டு, அதற்குக் கீழே வரும் பச்சைத் தோலே துவையலுக்கு. இரண்டு நடுத்தரக் காயின் தோலுக்கு 2 மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பு, 4 காய்ந்த மிளகாய், சுண்டைக்காய் அளவு புளி, 2 மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல், பெருங்காயம், உப்பு. நல்லெண்ணெயில் பருப்பையும் மிளகாயையும் சிவக்க வறுத்துத் தனியே எடுத்துவிட்டு, அதே சட்டியில் தோலை வதக்க வேண்டும். ஈரம் முழுக்க வற்றி, தோல் சுருண்டு ஓரம் லேசாக நிறம் மாறும்வரை. பாதியில் இறக்கினால் துவையல் கொழகொழவென்று வரும், பச்சை வாடையும் போகாது. பருப்பைக் கடைசியில் சேர்த்து ஒன்றிரண்டாகவே அரையுங்கள். தண்ணீர் தெளித்தால் போதும்.

உள்ளே இருக்கும் சதைக்குப் பாசிப்பருப்புக் கூட்டுதான் பொருத்தம். 400 கிராம் சதைக்கு 50 கிராம் பருப்பு. பருப்பை முக்கால் பதம் வேகவைத்து, காயைச் சேர்த்த பிறகு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது, காயே விட்டுக்கொடுக்கும். உப்பும் கடைசியில்தான். சட்டி நிறைய இருக்கிற காய் பாதியாக வற்றும், முதலிலேயே கணக்குப் போட்டு உப்பிட்டால் கரிக்கும். 3 மேசைக்கரண்டி தேங்காய், அரைத் தேக்கரண்டி சீரகம், 2 பச்சை மிளகாய் அரைத்து ஊற்றி ஒரு கொதி. தாளிக்கத் தேங்காய் எண்ணெய். பக்கத்தில் இந்த மாதத்து வேப்பம்பூ ரசம் இருந்தால் வேறெதுவும் வேண்டாம்.

விதைக்கு ஒரு காயை, கைமகரந்தம் தொட்டு நூல் கட்டியதாகப் பார்த்து, ஒரு கொடியில் தனியாக விட்டிருக்கிறேன். மற்ற கொடிகள் காய்த்து ஓய்கிற கட்டத்தில் விட்டதால் விளைச்சல் குறையாது. தோல் பழுப்பாகி, குலுக்கினால் விதை சலசலக்கும்வரை கொடியிலேயே காய வேண்டும். அப்போது அடியில் இருக்கும் மூடி தானே கழன்று கறுப்பு விதைகள் கொட்டும். பையைக் கீழே கட்டி வைக்காவிட்டால் பாதி விதை தளத்தில்தான் கிடக்கும்.