பேட்டரிக்கு அடியில் நான்கு புள்ளிகள்

லினக்ஸில் ஓடும் என் கையடக்க கேம் கருவியில் புது கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) ஏற்றினேன். அதன்பின் லோகோவைத் தாண்டவில்லை. ஏன் நிற்கிறது என்பதை, கருவி தொடங்கும்போது கம்பி வழியே வரிவரியாக அனுப்பும் செய்திகளில், அதாவது சீரியல் லாகில்தான் பார்க்க முடியும். ஆனால் போர்டில் யூஆர்ட் (அந்த லாக் வெளிவரும் சீரியல் இணைப்பு) என்று எங்கும் அச்சிடவில்லை. பேட்டரியை ஒட்டியிருந்த டேப்பை உரித்தபோது வரிசையாக நான்கு வெள்ளிப் புள்ளிகள் தெரிந்தன. பெயரும் இல்லை, எண்ணும் இல்லை.

இந்த இணைப்பைக் கணினியின் யூஎஸ்பியோடு சேர்க்கும் அடாப்டரை எடுத்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கத் தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சில போர்டுகளில் இந்த இணைப்பு 1.8 வோல்ட்டில் ஓடும், 3.3 வோல்ட் அடாப்டரே அதற்கு ஆபத்து. முதலில் மல்டிமீட்டர்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, யூஎஸ்பி துளையின் உலோகக் கூட்டில் ஒரு முனையை வைத்துத் தேடினேன். ஓரப் புள்ளியில் பீப் வந்தது. அதுதான் கிரவுண்ட். பேட்டரியை மாட்டி ஆன் செய்தபோது மற்ற மூன்றிலும் 3.3 வோல்ட். மூன்றும் ஒன்றுபோலவே இருந்ததால் கொஞ்சம் திகைத்தேன். அப்புறம் ஒவ்வொன்றிலும் மீட்டரை வைத்துக்கொண்டே திரும்பத் திரும்ப ஆன் செய்தேன். ஒன்றில் மட்டும் முதல் சில நொடிகள் எண் இறங்கி இறங்கி ஏறியது. எழுத்துகள் போகும்போது மின்னழுத்தம் விட்டுவிட்டுச் சுழியத்துக்கு இறங்கும், மீட்டர் அதன் சராசரியைக் காட்டும். கருவி எழுத்துகளை அனுப்பும் முனையான டிஎக்ஸ் கிடைத்துவிட்டது!

மீதி இரண்டில் எது ஆர்எக்ஸ் (கருவி எழுத்துகளைப் பெறும் முனை), எது மின்சப்ளை? 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை ஒவ்வொரு புள்ளிக்கும் கிரவுண்டுக்கும் நடுவே வைத்தேன். ஒன்று அசையவே இல்லை, அது சப்ளை. மற்றது 1 வோல்ட்டுக்கும் கீழே விழுந்தது. சிப்புக்குள் இருக்கும் பலவீனமான புல்-அப்தான் (சப்ளையோடு இணைந்த ரெசிஸ்டர்) அதை மேலே பிடித்துக்கொண்டிருந்தது, ஆக அது ஆர்எக்ஸ். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான்.

கிரவுண்டையும் டிஎக்ஸையும் மட்டும் சிபி2102 அடாப்டரோடு இணைத்தேன். சப்ளையை இணைக்கவே கூடாது, கருவிக்கு அதன் பேட்டரி போதும். நொடிக்கு 115200 பிட் வேகத்தில் வந்ததெல்லாம் குப்பை எழுத்துகள். துடிப்புகளை நேரத்தோடு வரைந்து காட்டும் லாஜிக் அனலைசரில் பார்த்தால் மிகக் குறுகிய துடிப்பின், அதாவது ஒரு பிட்டின், அகலம் சுமார் 0.67 மைக்ரோ நொடி. 1-ஐ அதால் வகுத்தால் நொடிக்கு 15 லட்சம் பிட். ராக்சிப் நிறுவனத்தின் சிப்புகளில் 1500000 சகஜம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சிபி2102 10 லட்சத்தோடு நின்றுவிடும். 30 லட்சம் வரை போகும் எஃப்டி232ஆர் அடாப்டருக்கு மாறினேன்.

கெர்னலை ஏற்றிவிடும் நிரலான யூ-பூட்டின் வரிகள் தெளிவாக ஓடின. கடைசியில் கெர்னல் பேனிக், அதாவது கெர்னல் மேலே ஓட முடியாமல் நின்றுவிட்டது: இயங்குதளக் கோப்புகள் இருக்கும் ரூட் பார்ட்டிஷனை மவுன்ட் செய்ய முடியவில்லை. சரி, பேச வேண்டிய நேரம். ஆர்எக்ஸை 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக இணைத்து, யூ-பூட்டின் கவுன்ட்டவுனில் ஒரு விசையைத் தட்டி நிறுத்தினேன். பூட் வரியில் பார்ட்டிஷன் எண் 3 என்று இருந்தது. 2 என்று மாற்றி பூட் செய்தேன். லோகோ மறைந்து மெனு வந்தது.