உங்களுக்கு எதற்குக் கேமரா?

நான் வேலை பார்ப்பது ஒரு பொதுத்துறை வங்கியின் சென்னைக் கிளையில். கணக்குத் திறப்பது, ஓய்வூதியக் கணக்குகளைக் கவனிப்பது, வாடிக்கையாளர் குறைகளைக் கேட்பது ஆகியவை என் மேசைக்கு வரும் வேலைகள். உத்தரவில் இல்லாத இன்னொரு வேலையும் எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. நாள் முழுவதும் கணினியோடும் கைப்பேசியோடும் மல்லுக்கு நிற்பவன் என்று பெயர் வாங்கிவிட்டதால், பார்வையற்ற நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள், கிளைக்கு வரும் வாடிக்கையாளர்கள் என்று பலரும் என்னிடம் கேட்கிறார்கள்: "சார், எந்த போன் வாங்கலாம்?"

வாங்கப்போவது யார் என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் அண்ணனோ மைத்துனரோ கடைக்குப் போயிருப்பார், பயன்படுத்தப்போகிறவர் வீட்டில் காத்திருப்பார். சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

விசைகள் இருந்த காலத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் எளிது. நான் கல்லூரி விடுதியில் இருந்தபோது நோக்கியா 6600, என்70 போன்ற சிம்பியன் போன்கள்தான் எங்கள் கனவு. அவற்றில் டாக்ஸ் அல்லது ஸ்பெயின் நாட்டு கோட் ஃபேக்டரி நிறுவனத்தின் மொபைல் ஸ்பீக் மென்பொருளை ஏற்றிவிட்டால் போன் பேசத் தொடங்கிவிடும். உரிமத்தின் விலை மாணவர்களுக்கு எட்டாது. எங்களில் பெரும்பாலோரிடம் இருந்தது எங்கிருந்தோ வந்து சேர்ந்த பிரதி. அதைப் பற்றி அதிகம் பேசாமல் கடந்துவிடுகிறேன். ஐந்தாம் எண் விசையின் மேலிருக்கும் சிறு மேட்டைக் கட்டைவிரல் கண்டுகொண்டால் மற்ற விசைகள் எல்லாம் தானாகக் கைக்குள் வந்துவிடும். வகுப்பில் மேசைக்கு அடியில் கையை வைத்துக்கொண்டே குறுஞ்செய்தி அடித்திருக்கிறோம். தமிழில் செய்தி வந்தால் மட்டும் போன் வாயை மூடிக்கொள்ளும். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பும்படி ஊரிலிருப்பவர்களிடம் கெஞ்சுவோம்.

கண்ணாடித் திரை வந்தபோது எங்கள் கதை முடிந்தது என்றே நினைத்தோம். வழவழப்பான பரப்பில் விரல் எதைத் தேடும்? ஆனால் 2009இல் ஐபோன் 3ஜிஎஸ், திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் வாய்ஸ்ஓவர் என்ற திரைவாசிப்பானோடு வந்தது. விரல் பட்ட இடத்தில் இருப்பதைப் படித்துக் காட்டும், திறக்காது. திறப்பதற்குத் திரையின் எந்த மூலையிலும் இருமுறை தட்டினால் போதும். தொடுவதையும் திறப்பதையும் தனித்தனிச் செயலாகப் பிரித்ததுதான் முழு சூட்சுமம். ஆண்ட்ராய்டில் அதே காலத்தில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் வந்தது. அந்த முயற்சியில் முன்னின்றவர்களில் ஒருவர் கூகுளில் பணியாற்றிய டி.வி.ராமன், புனேயில் வளர்ந்தவர், தானே பார்வையற்றவர். ஆனாலும் விரலால் துழாவிப் படிக்கும் வசதி ஆண்ட்ராய்டுக்கு 2011இல் நான்காம் பதிப்பில்தான் வந்தது. அடுத்த ஆண்டு 4.1 வந்த பிறகுதான் அன்றாடம் பயன்படுத்தும் அளவுக்குத் தேறியது.

இப்போது எல்லா ஸ்மார்ட்போனும் பேசும், எதை வாங்கினால் என்ன என்று கேட்கிறார்கள். பேசுவது உண்மைதான். எப்படிப் பேசுகிறது என்பது கடையில் கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருக்கும் நண்பர் ஒருவருடன், சென்னையில் மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போயிருந்தேன். கடையில் இருந்த பையன் ஒரு போனை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு மெகாபிக்சலையும் திரையின் அகலத்தையும் ஒப்பித்துக்கொண்டிருந்தான். நண்பர் ஒலியளவுப் பொத்தான்கள் இரண்டையும் சேர்த்துச் சில நொடிகள் அழுத்தினார். "டாக்பேக் ஆன்" என்று போன் உரக்கச் சொன்னது. பையன் பதறிப்போய் அதை வாங்கி வழக்கம்போல ஒருமுறை தட்டினான், திறக்கவில்லை. மேலும் கீழும் தேய்த்தான், திரை நகரவில்லை. ஒவ்வொரு தட்டலுக்கும் போன் ஏதோ ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தது.

"அண்ணே, டெமோ போன் கெட்டுப்போய்விட்டது" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்.

"கெடவில்லை தம்பி, இங்கே கொடுங்கள்" என்று நண்பர் கையை நீட்டினார். வாங்கி, விரலை இடமிருந்து வலமாகச் சுண்டிச் சுண்டி ஒவ்வொரு செயலியாகக் கடந்து போனார். விரல் நகர்ந்ததற்கும் குரல் வந்ததற்கும் நடுவே எவ்வளவு தாமதம் என்பதைத்தான் அவர் கவனித்துக்கொண்டிருந்தார். கண்ணால் பார்ப்பவருக்கு அந்தத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. எங்களுக்கு அது நாள் முழுவதும் கூடவே வரும் தொல்லை.

பிறகு நான் என் போனிலிருந்து கடை போனுக்கு அழைத்தேன். எந்த விளம்பரத்திலும் வராத சோதனை இது. மணி அடிக்கும்போது திரைவாசிப்பானின் குரல் கேட்கிறதா, இரு விரல்களால் இருமுறை தட்டினால் அழைப்பை எடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில நிறுவனங்கள் ஆண்ட்ராய்டின் மேல் தங்கள் சொந்த அலங்காரத்தைப் போர்த்தும்போது அழைப்பு எடுக்கும் பக்கத்தைத்தான் முதலில் மாற்றுகிறார்கள். வந்த அழைப்பை எடுக்க முடியாவிட்டால் அதை போன் என்று எப்படிச் சொல்வது?

கைரேகை உணரி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பக்கவாட்டுப் பொத்தானில் இருந்தால் விரல் தானாகப் போய் நிற்கும். திரைக்குள் பதித்திருந்தால் ஒவ்வொரு முறையும் குத்துமதிப்பாகத் தேட வேண்டும், ஆனால் அப்படிப் பதித்ததைத்தான் கடைகளில் பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள். ஹெட்போன் துளையும் அப்படித்தான். புளூடூத் வழியே வரும் குரல் விரலுக்குக் கொஞ்சம் பின்தங்கும், சமயத்தில் முதல் அசையை விழுங்கிவிடும். மின்சார ரயிலில் வங்கிக் கணக்கின் இருப்பை ஊருக்கே கேட்கும்படி போன் படிக்காமலிருக்க ஒரு கம்பி வேண்டும். அந்தத் துளையைத் தூக்கியெறிந்த பல மாடல்களை இதற்காகவே நான் பரிந்துரைப்பதில்லை.

அன்றைக்குப் பையன் கடைசியாகக் கேட்டான்: "சார், உங்களுக்கு எதற்குக் கேமரா? குறைந்த விலையில் வேறு காட்டட்டுமா?"

அவன் நல்லெண்ணத்தோடுதான் கேட்டான். ஆனால் எங்களுக்குத்தான் கேமரா அதிகம் தேவைப்படுகிறது. கடிதத்தைப் படிக்க, மருந்துப் பட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று அறிய, மின்சாரக் கட்டண ரசீதைப் பார்க்க அதுதான் கண். பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 முதல் வந்த புதிய வரிசை நோட்டுகளில் 500 ரூபாய்த் தாள் 150 மில்லிமீட்டர் நீளம், 200 ரூபாய்த் தாள் 146 மில்லிமீட்டர். அகலம் இரண்டுக்கும் ஒன்றுதான். சட்டைப்பையில் மடித்துவைத்த தாளில் 4 மில்லிமீட்டரை விரலால் அளந்துகொண்டிருக்க எந்த நடத்துநர் பொறுமையாகக் காத்திருப்பார்? ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 1 அன்று மணி என்ற செயலியை வெளியிட்டது. நோட்டைக் கேமராவுக்கு முன் காட்டினால் மதிப்பைச் சொல்லும். எதிரில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மைக்ரோசாஃப்டின் சீயிங் ஏஐ, கூகுளின் லுக்கவுட் ஆகிய செயலிகளும் கேமராவை நம்பித்தான் இருக்கின்றன. மங்கலான வெளிச்சத்தில் சட்டென்று குவியம் பிடிக்காத கேமரா இருந்தால் இந்தச் செயலிகள் எல்லாம் ஊமையாகிவிடும்.

எங்களுக்கு உண்மையில் தேவைப்படாதது அகலமான, பளிச்சென்ற திரைதான். பலரும் திரையை முழுதாக இருட்டாக்கிவிட்டே போனைப் பயன்படுத்துகிறோம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர், அணைந்த போனை இந்த ஆள் ஏன் இப்படித் தடவிக்கொண்டிருக்கிறார் என்று பரிதாபப்பட்டால் பட்டுக்கொள்ளட்டும். என் செய்திகளை அவர் எட்டிப் படிக்க முடியாது.

ஐபோனா ஆண்ட்ராய்டா என்பது எங்கள் வட்டாரத்தில் முடியாத வழக்கு. ஐபோனில் பழைய மாடலுக்கும் பல ஆண்டுகள் மேம்பாடு வரும், வாய்ஸ்ஓவரின் நடத்தை எல்லா மாடல்களிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும் என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் நெடுங்காலம் தமிழ்க் குரலே இல்லை. ஆண்ட்ராய்டில் ஈஸ்பீக் என்ற கட்டற்ற மென்பொருள் முன்பே தமிழ் படித்தது. அதன் தமிழ், தொண்டை கட்டிய ரோபோ பேசுவதைப் போல இருக்கும். ஆனால் எவ்வளவு வேகமாக ஓடவிட்டாலும் எழுத்துகள் குழம்பாது. இனிய குரல்கள் அந்த வேகத்தில் நொறுங்கிப்போகும். பார்வையற்ற தமிழாசிரியர்கள் ஆண்ட்ராய்டு பக்கம் சாய்ந்ததற்கு விலை மட்டும் காரணமில்லை. பள்ளியில் பிரெய்ல் நன்றாகப் படித்த பிள்ளைகள் வேறு கணக்குப் போடுவார்கள். திரையையே ஆறு புள்ளிப் பலகையாக்கித் தட்டெழுதும் வசதி ஐபோனில் 2014இலேயே வந்துவிட்டது, டாக்பேக்கில் 2020இல்தான். ஆங்கிலத்தில் சட்டம் படிக்கும் மாணவருக்கும் தமிழில் பாடம் நடத்தும் ஆசிரியருக்கும் நான் ஒரே போனைச் சொல்ல முடியாது.

தமிழக அரசு பார்வை மாற்றுத்திறனாளிகளுக்குத் திறன்பேசி வழங்கும் திட்டம் ஒன்றை வைத்திருக்கிறது. நல்ல திட்டம். போனுக்குப் பதிலாக அதன் விலையைப் பயனாளியின் கணக்கில் போட்டு, வேண்டியதை அவரே வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டால் இன்னும் நல்லது என்பது என் கட்சி.

உதவித்தொகைக் கணக்குத் திறக்க அண்ணனோடு கிளைக்கு வந்த ஒரு கல்லூரி மாணவி நீல நிற போன்தான் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "உனக்கு நிறம் எதற்கு?" என்றான் அண்ணன். "கையில் வைத்திருப்பது நான்தானே, எனக்கு நீலம்தான் பிடிக்கும்" என்றாள். என்னிடம் அவள் கேட்ட ஒரே தொழில்நுட்பக் கேள்வி, நீலத்தில் ஹெட்போன் துளையோடு என்ன மாடல் இருக்கிறது என்பதுதான்.

நல்ல போனை வாங்கியாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்கவும் விடமாட்டார்கள். இங்கே என் துறையின் குறையையும் சொல்லியாக வேண்டும். ஒரு வங்கிச் செயலி நேற்றுவரை ஒழுங்காகப் படித்துக்கொண்டிருக்கும். அடுத்த மேம்பாட்டில் ரகசிய எண் இடும் பக்கத்தில் எண்களுக்குப் பதில் பெயரிடாத படங்களை வைத்துவிடுவார்கள். விரலை நகர்த்தினால் "பட்டன், பட்டன், பட்டன்" என்று கேட்கும். எண்களின் வரிசையும் ஒவ்வொரு முறை மாறும், மனப்பாடம் செய்தும் தப்பிக்க முடியாது. அப்போது பக்கத்தில் இருப்பவரிடம் ரகசிய எண்ணைச் சொல்லிப் போடச் சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று நாங்களே வாசலில் பலகை வைத்திருக்கிற எண் அது.

திரைவாசிப்பான் இயங்குவதைக் கண்டதும் திறக்கவே மறுக்கும் செயலிகளும் உண்டு. ஒரு வங்கிக்காரனாக இதன் காரணம் எனக்குப் புரிகிறது. போனின் அணுகல் வசதிக்கான அனுமதியை வாங்கிக்கொண்டு திரையில் இருப்பதைத் திருடும் மோசடிச் செயலிகள் பெருகிவிட்டன. அதற்காக கூகுளின் டாக்பேக்கையும் முகம் தெரியாத ஒரு மோசடிச் செயலியையும் ஒரே தட்டில் வைப்பது சோம்பேறித்தனம். இரண்டையும் பிரித்தறிவது நிரலாளருக்குப் பெரிய வித்தையில்லை. எங்கள் பயிற்சிக் கூட்டங்களில் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் இதைச் சொல்லி, கெட்ட பெயரும் வாங்கியிருக்கிறேன்.

கணக்குக்காகச் செயலி வழியே வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்ப்பது இதைவிட மோசம். முகத்தை வட்டத்துக்குள் கொண்டுவாருங்கள், கண்ணைச் சிமிட்டுங்கள் என்று திரை கேட்கும். செயற்கைக் கண் பொருத்தியவர் எதைச் சிமிட்டுவார்? வீட்டிலிருந்தே முடியும் என்று விளம்பரப்படுத்திய வேலைக்காகக் கிளைக்கு வந்து என் முன்னால் உட்கார்ந்தவர்கள் பலர். 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு இந்த விவகாரத்தில் தீர்ப்பளித்தது. அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகள் அவை. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றும், சிமிட்டலுக்கு மாற்று வழிகள் வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பின் நகலை அச்சிட்டு என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். வாக்குவாதம் நீளும்போது எடுத்து வைப்பேன்.

இப்போது போன் வாங்கக் கிளம்புகிறவர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான். கூட்டமில்லாத காலை வேளையில் கடைக்குப் போங்கள். மதியத்துக்கு மேல் தெருச் சத்தத்தில் ஸ்பீக்கரைச் சோதிக்க முடியாது. உங்கள் ஹெட்போனை எடுத்துப் போங்கள், கூட வருபவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். உங்களுக்குத் தேவையான வங்கிச் செயலியை உங்களைப் போன்ற யாராவது அதே மாடலில் ஓட்டிப் பார்த்திருக்கிறார்களா என்று முதல் நாளே விசாரித்துவிடுங்கள். பணம் கட்டுவதற்கு முன் திருப்பித் தரும் நிபந்தனை என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். முத்திரை பிரித்த போனைப் பல கடைகளில் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை.