தறிக் கணக்கில் ஒரு தாளம்: கடைசி வருட ப்ராஜெக்டில் நான் பட்டதும் படித்ததும்

"இதுல உன்னுது எது?"

வைவா என்ற வாய்மொழித் தேர்வில் எக்ஸ்டர்னல், அதாவது வெளியிலிருந்து வந்த தேர்வாளர், என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் கேட்டுவிட்டார். சுவரில் ஆறு படங்கள், மேசையில் ஒரு ஸ்பீக்கர், கையில் ரெக்கார்டு நோட். விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) கடைசி செமஸ்டரில் ஓவியத்தோடு சொந்த இசையையும் சேர்த்து ப்ராஜெக்ட் செய்ய நினைக்கும் யாரும் இந்தக் கேள்விக்கு முதல் நாளிலிருந்தே பதில் தேட வேண்டும். கடைசி வாரத்தில் தேடினால் கிடைக்காது. எனக்கே முதல் ரிவ்யூவில் பதில் இல்லை.

முதலில் நான் கொண்டுபோனது வேலூர்க் கோட்டை. 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியை ஐந்து படங்களாக வரைந்து, பின்னால் கீபோர்டில் ஒரு சோக இசை போடுவதாகத் திட்டம். எங்கள் வகுப்பில் கோட்டையை எடுத்தவர்கள் என்னோடு சேர்த்து நாலு பேர். அகழி, மதில், ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்து யாளி என்று ஆளுக்கொரு மூலையைப் பிடித்திருந்தோம். கோட்டை மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, இப்போதும் சாயந்தரம் போய் உட்காருவேன். ஆனால் கைடு இசையை நிறுத்திவிட்டுப் படங்களைப் பார்த்தார். பிறகு படங்களைத் திருப்பி வைத்துவிட்டு இசையைக் கேட்டார். "ரெண்டும் தனித்தனியா நல்லாதானே இருக்கு, ஏன் சேக்கணும்?" என்றார். சோகமான எந்தப் படத்துக்கும் அந்த இசை பொருந்தும், அந்தப் படத்துக்குச் சோகமான எந்த இசையும் பொருந்தும். ப்ராஜெக்ட் அங்கேயே படுத்துவிட்டது.

இரண்டாவது யோசனை இன்னும் மோசம். ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு நிறம் வைத்தேன். ச சிவப்பு, ரி ஆரஞ்சு, க மஞ்சள் என்று. "ச ஏன் சிவப்பு?" என்றார் கைடு. வானவில் வரிசை என்றேன். சிரித்துவிட்டார். அவர் சொல்லித்தான் ஸ்க்ரியாபின், ரிம்ஸ்கி-கோர்சகோவ் என்ற இரண்டு ரஷ்ய இசையமைப்பாளர்களைப் பற்றித் தேடிப் படித்தேன். இருவருக்குமே இசை நிறமாகத் தெரிந்ததாம். ஆனால் சி மேஜர் என்ற மேற்கத்திய சுரவரிசை ஒருவருக்குச் சிவப்பு, மற்றவருக்கு வெள்ளை. அவ்வளவு பெரிய ஆட்களுக்கே ஒத்துப்போகாததை நான் எக்ஸ்டர்னல் முன்னால் எப்படி நிரூபிப்பேன்?

அன்றைக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். படத்தைப் பார்த்து இசை போட்டால் இசை பின்பாட்டு ஆகிவிடும். இசையைக் கேட்டுப் படம் வரைந்தால் படம் அட்டைப்படம் ஆகிவிடும். இரண்டும் பிறந்து வருவதற்கு மூன்றாவதாக ஒரு பொருள் வேண்டும். கண்ணால் பார்க்கக்கூடியதாக, காதால் கேட்கக்கூடியதாக, முடிந்தால் எண்ணிக்கையில் அடங்கக்கூடியதாக.

எனக்கு அது குடியாத்தத்தில் பெரியப்பா வீட்டுத் தறியில் கிடைத்தது. பிறந்ததிலிருந்து கேட்டுத் தூங்கிய சத்தம்தான், அதனாலேயே காதில் விழாமல் இருந்திருக்கிறது. பொங்கல் லீவுக்குப் போனபோது பெரியப்பா ஒரு கைலிக்குப் பாவு கணக்கு, அதாவது நீளவாட்டு இழைகளின் கணக்கு, சொல்லிக்கொண்டிருந்தார். "பச்சை பன்னண்டு, வெள்ளை ரெண்டு, அரக்கு நாலு, வெள்ளை ரெண்டு, திரும்பப் பச்சை." கூட்டிப் பார்த்தால் 20 இழை. நான்கு இழையை ஒரு அடியாக வைத்தால் பச்சை மூன்று அடி, வெள்ளை அரை, அரக்கு ஒன்று, வெள்ளை அரை. மொத்தம் ஐந்து. கையில் தட்டிப் பார்த்தேன். கட்டம் போட்ட கைலி ஐந்து எண்ணிக்கைத் தாளமாகக் கேட்டது. அதே கணக்கில் கோடு இழுத்தால் படம், தட்டினால் தாளம். இனிமேல் "ஏன்" என்று யார் கேட்டாலும் துணியைக் காட்டிவிடலாம்.

உங்களுக்குத் தறி இல்லாமல் இருக்கலாம். பழைய வட ஆர்க்காடு முழுக்க இந்த மாதிரி பொருளுக்குப் பஞ்சமே இல்லை. பம்பை மேளம் இருக்கிறது, தெருக்கூத்துக்காரர்கள் அணியும் கட்டையில் பதிக்கும் கண்ணாடிச் சில்லு இருக்கிறது, ஆம்பூர் வாணியம்பாடிப் பக்கம் தோல் வேலை இருக்கிறது. வருடத்தில் பெரும்பாலும் மணலாகவே கிடக்கும் பாலாறுகூட ஒரு பொருள்தான். ஒன்றே ஒன்று: உங்களுக்கு உள்ளே போய் உட்கார அனுமதி கிடைக்கும் இடமாகப் பாருங்கள். ஒருநாள் போய்ப் படம் எடுத்து வருகிற இடம் இதற்கு உதவாது.

இனி ரெக்கார்டிங். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வரைவதற்கு நமக்கு மூன்று வருடம் சொல்லித் தருகிறார்கள், ஒலிப்பதிவுக்கு அப்படி யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை.

முதல் தடவை போனைத் தறிக் குழி ஓரமாகத் தரையில் வைத்துப் பதிவு செய்தேன். வீட்டுக்கு வந்து கேட்டால் "தொம் தொம்" என்று யாரோ மாடியில் குதிப்பதுபோல இருந்தது. மிதியின் அதிர்வு தரை வழியாகப் போனுக்குள் போயிருக்கிறது. அடுத்த முறை போனை மடித்த துண்டின் மேல், தறியைத் தொடாத ஒரு ஸ்டூலில் வைத்தேன். சரியானது. இரண்டாவது, போனில் இருக்கும் சாதாரண ரெக்கார்டர் சத்தத்தைத் தானாகவே கூட்டிக் குறைக்கும். அடி விழும்போது அமுக்கும், அமைதியில் பக்கத்து வீட்டு டிவியைத் தூக்கிக் கொடுக்கும். அந்த வசதியை நிறுத்தக்கூடிய ஆப் ஒன்றைப் போட்டு, வேவ் ஃபைலாக, 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்யுங்கள். அளவு காட்டும் கோடு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சின்னதாகப் பதிந்ததைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். உடைந்து பதிந்ததை ஒட்ட வழியில்லை. என் தோழி ஒருத்தி கெங்கையம்மன் சிரசு திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே பம்பையைப் பதிவு செய்து வந்தாள். ஆயுசுக்கும் மறக்காத அனுபவம், ஆனால் ஃபைல் முழுக்கக் கரகரப்பு. கடைசியில் பம்பைக்காரர் வீட்டுக்கே போய், அவருக்குச் சேர வேண்டிய கூலியைக் கொடுத்து, ஒரு மணி நேரம் அமைதியாகப் பதிவு செய்து வந்தாள். கலைஞரிடம் ஓசியில் வாங்காதீர்கள். ரெக்கார்டு நோட்டில் அவர் பெயரும் வரவேண்டும்.

எனக்கு இருந்த பெரிய தொல்லை விசைத்தறி. பெரியப்பா தெருவில் இரண்டு வீடு தள்ளி விசைத்தறி ஓடும். காலையில் ஆரம்பித்தால் ராத்திரிவரை. அதோடு கைத்தறியைப் பதிவு செய்வதென்றால் சந்தைக்கு நடுவே ரகசியம் பேசுவதுதான். பெரியம்மாதான் வழி சொன்னார்: "மாசாந்திர கரண்ட் கட்டு அன்னிக்கு வா கண்ணு." பேப்பரில் மின்தடை அறிவிப்பு பார்த்துப் போனேன். ஒன்பது மணிக்குக் கரண்ட் போனதும் தெருவே அடங்கிவிட்டது. ஃபேன் இல்லை, டிவி இல்லை, விசைத்தறி இல்லை. கைத்தறிக்குக் கரண்ட் எதற்கு?

மைக் எங்கே வைப்பது என்பதில் பெரியப்பாதான் எனக்கு வாத்தியார். "இன்னாம்மா, ஒரே எடத்துல வச்சுக்கினு எல்லாத்தையும் புடிக்கப் பாக்கற? நாடா சத்தம் வேற, அச்சு சத்தம் வேற" என்றார். உண்மைதான். கயிற்றை இழுத்ததும், ஊடை என்ற குறுக்கு இழையைக் கொண்டுபோகும் நாடா அந்தப் பக்கம் போய் மோதுவது கூர்மையான ஒரு "டக்". அந்த இழையை நெருக்க அச்சுப் பலகையை இழுத்து அடிப்பது கனமான ஒரு "தப்". இரண்டையும் தனித்தனியாகப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்ததால்தான் பின்னால் டக் ஒரு வாத்தியமாகவும் தப் ஒரு வாத்தியமாகவும் எனக்குக் கிடைத்தன. இன்னொன்றும் கவனித்தேன். ஊடையில் நிறம் மாறும் இடத்தில் பெரியப்பா கையை நிறுத்தி வேறு நாடாவை எடுத்து வைப்பார். ஒரு மூச்சு நேரம்தான். அந்த நிறுத்தத்தை இசையில் அப்படியே விட்டேன். படத்தில் அதே இடத்தில் வண்ணம் படாத காடாத் துணி ஒரு கோடாகத் தெரியும்.

சுருதிக்குப் பெரியம்மா தார் (நாடாவுக்குள் வைக்கும் நூல் குழல்) சுற்றும் ராட்டை. அதன் ரீங்காரத்தை சுருதி ஆப்பில் வைத்துப் பார்த்தால் நாலு கட்டைக்குக் கொஞ்சம் கீழே நின்றது. கை வேகம் மாறினால் ஏறி இறங்கும். ஓரளவு நிலையாக இருந்த எட்டு விநாடியை மட்டும் வெட்டி, ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் மடக்கி மடக்கி ஓடவிட்டேன். அதன் மேல் மோகன ராகத்தில் நானே போட்ட ஒரு மெட்டு. ஏன் மோகனம் என்று கேட்டால், எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் காரணம் ஜோடிக்க வேண்டாம். அடித்தளத்துக்குக் காரணம் இருந்தால் போதும், அதற்கு மேல் உங்கள் விருப்பத்தை யாரும் பிடுங்க மாட்டார்கள்.

நிமிடத்துக்கு 75 அடி என்று வேகம் வைத்தேன். ஐந்து அடிக்கு நான்கு விநாடி. இந்த ஐந்து அடிதான் படத்தில் ஒரு வரிசை. ஒரு படத்தில் பத்து வரிசை, ஆக ஒரு படத்துக்கு 40 விநாடி, ஆறு படத்துக்கு நான்கு நிமிடம். எக்ஸ்டர்னல் ஒரு நாளில் எல்லோருடைய ப்ராஜெக்டையும் பார்க்க வேண்டும். உங்கள் இசை பன்னிரண்டு நிமிடம் ஓடினால் அவர் மூன்றாவது நிமிடத்தில் வாட்சைப் பார்ப்பார்.

படம் வரைந்த கதை சின்னது. காடாத் துணியில் வெள்ளைப் பசையும் சாக்பீஸ் தூளும் பூசி அக்ரிலிக் போட்டேன். பூச்சைக் கனமாகப் போட்டு, துணியைச் சுருட்டி பஸ்ஸில் கொண்டுவந்ததில் ஒரு படம் முழுக்க வெடிப்பு. திரும்ப வரைந்தேன். சுருட்டாதீர்கள், ஃப்ரேமில் அடித்தபடியே கொண்டுவாருங்கள், ஷேர் ஆட்டோவுக்குச் செலவானாலும் பரவாயில்லை. ஏப்ரல் வெயிலில் தட்டில் பிழிந்த அக்ரிலிக் ஐந்து நிமிடத்தில் தோல் கட்டிவிடும், ஈரத்துணி போட்டு மூடி வையுங்கள்.

வைவா அன்று எல்லோரும் கியூஆர் கோடு ஒட்டியிருந்தார்கள். ஹாலுக்குள் டவரே இல்லை. என் ஃபைல் போனிலும் பென்டிரைவிலும் இருந்ததால் தப்பித்தேன். ஆனால் ப்ளூடூத் ஸ்பீக்கர் வேறு வழியில் காலை வாரியது. சும்மா இருந்தால் அது தூங்கிவிடும், எழுப்பும்போது முதல் அரை விநாடியை விழுங்கிவிடும். முதல் "டக்" போய்விட்டது. நல்லவேளை, எக்ஸ்டர்னல் இரண்டாம் முறை போட்டுக் காட்டச் சொன்னார். ஒயர் போட்டு இணையுங்கள், இல்லாவிட்டால் ஃபைலின் தொடக்கத்தில் இரண்டு விநாடி ராட்டைச் சத்தத்தையாவது மெல்ல ஓடவிடுங்கள்.

"உன்னுது எது" என்ற கேள்விக்கு நான் சொன்ன பதில்: கணக்கு பெரியப்பாவுடையது, ராட்டை பெரியம்மாவுடையது, மெட்டும் படமும் என்னுடையவை, ரெடிமேட் லூப் எதுவும் இல்லை. அடுத்து, இதற்கு முன்னால் யார் செய்திருக்கிறார்கள் என்றார். இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். நம் நாட்டு ராகமாலா ஓவியங்களைச் சொன்னேன், ராகத்தை ஆளாகவும் பருவமாகவும் பொழுதாகவும் வரைந்த மரபு. வெளியே என்றால், 1911 ஜனவரி 2 அன்று மியூனிக்கில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் இசையைக் கேட்டுவிட்டு வந்து ஓவியர் காண்டின்ஸ்கி வரைந்த படம். எதிர்த்திசையில், படத்திலிருந்து இசைக்குப் போனதற்கு, இறந்துபோன நண்பர் ஹார்ட்மனின் ஓவியக் கண்காட்சியைப் பார்த்து ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கி 1874இல் எழுதிய பியானோ இசை. மூன்றே உதாரணம், ஆனால் மூன்றையும் பார்த்தோ கேட்டோ இருந்தேன். பெயரை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போனால் அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள்.

நான்காவது படத்தில் ஏழாம் வரிசையில் ஒரு அரக்குக் கோடு பாதியில் நின்றுவிடும். அவர் அதன் மேல் விரலை வைத்து, "இங்க இன்னா ஆச்சு?" என்றார். இழை அறுந்துவிட்டது சார் என்று சொல்லி அந்த இடத்தைப் போட்டுக் காட்டினேன். தாளம் ஓடிக்கொண்டே இருக்க, ஒரு அடி மட்டும் விழாது. விரலை எடுக்காமல் திரும்ப ஒருமுறை கேட்டார். எங்களுக்கு உள்மதிப்பீடு 25, வெளிமதிப்பீடு 75. அந்த 75இல் பெரும்பங்கு அந்த விரல் நின்ற இடத்தில்தான் விழுந்தது என்று நினைக்கிறேன்.

மறுநாள் கண்காட்சிக்குப் பெரியப்பா குடியாத்தத்திலிருந்து பஸ் பிடித்து வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. ஸ்பீக்கர் பக்கமே போகவில்லை. ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று உதட்டை அசைத்து எண்ணினார். ஐந்தாவது படத்தில் நின்று திரும்ப எண்ணினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

"அரக்குக்கு அப்புறம் வெள்ளை மூணு இழை ஓடியிருக்கு பாரு. ரெண்டுதான். மார்க்கு போட்டுட்டாங்க இல்ல? சரி, சும்மா இரு."