பாக்கெட் ரேடியோ அஞ்சல்பெட்டிக்குப் பார்வர்டிங் அமைத்த அனுபவம்

பாக்கெட் ரேடியோவில், அதாவது கணினித் தகவலைச் சிறு பொட்டலங்களாக ரேடியோ அலையில் அனுப்பும் முறையில், ஒரு பிபிஎஸ் (மடல்களை வாங்கி வைக்கும் அஞ்சல்பெட்டி) தொடங்குவது அவ்வளவு கடினமில்லை. மென்பொருளை இறக்கி, ரேடியோவோடு ஒரு மோடத்தை இணைத்துவிட்டால், பக்கத்து ஊர் ஹாம் (பொழுதுபோக்கு வானொலியாளர்) ஒருவர் உள்ளே வந்து உங்களுக்கு ஒரு மடல் எழுதி வைத்துவிட்டுப் போகலாம். அவர் எழுதியது வேறு ஊர்க்காரருக்கு என்றால்தான் வேலையே தொடங்குகிறது. அந்த மடல் என் பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கும், அங்கிருந்து இன்னொன்றுக்கும் ஆள் தொடாமல் தானாகப் போய்ச் சேர வேண்டும். இதைத்தான் பார்வர்டிங் என்கிறோம். என் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது இதுதான். இதில் இறங்க நினைக்கும் தமிழ் ஹாம்களுக்குப் பயன்படட்டும் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் இருப்பது இங்கிலாந்தின் நடுப்பகுதியில். 1980-களிலும் 90-களிலும் இந்த நாட்டில் பாக்கெட் ரேடியோ செழித்து இருந்தது. இணையம் வீடு வீடாக வந்தபின் பெட்டிகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. சமீப வருடங்களில் மறுபடியும் ஆட்கள் சேர்ந்து கணுக்களை (பாக்கெட்டுகளை அடுத்த இடத்துக்குக் கடத்தும் நிலையங்களை) எழுப்பி வருகிறார்கள். 144.950 மெகாஹெர்ட்ஸைத் திருப்பி வைத்தால் அந்தக் கரகரப்பு மீண்டும் கேட்கிறது. அதைக் கேட்டபோதே இதில் ஒரு கண்ணியாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது.

மென்பொருளாக நான் எடுத்துக்கொண்டது லின்பிபிக்யூ. ஜி8பிபிக்யூ என்ற அழைப்புக்குறி கொண்ட ஜான் வைஸ்மன் எழுதியது. ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் சிரமமில்லாமல் ஓடும். கணு, அஞ்சல்பெட்டி இரண்டும் ஒரே நிரலுக்குள் இருப்பது பெரிய வசதி. இன்னொரு பழம்பெரும் மென்பொருள் பிரெஞ்சு ஹாம் எஃப்6எஃப்பிபி எழுதிய எஃப்பிபி. அதை நிறுவாவிட்டாலும் அதன் மொழியைப் பேசாமல் இருக்க முடியாது. இரண்டு பெட்டிகள் மடல் மாற்றிக்கொள்ளும் முறையை அந்த நிரல்தான் வகுத்தது. இன்று லின்பிபிக்யூவும் அதையே பேசுகிறது, ரேடியோ மின்னஞ்சல் சேவையான வின்லிங்கின் நெறிமுறையும் அதன் நீட்சிதான்.

முதலில் ரேடியோப் பகுதி. மோடமாக டைர்வுல்ஃப் என்ற மென்பொருளையும் ஒரு யுஎஸ்பி சவுண்ட் கார்டையும் பயன்படுத்தினேன். வேகம் 1200 பாட் (நொடிக்கு 1200 பிட்); 1200, 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு தொனிகள்தான் எல்லாத் தகவலையும் சுமக்கின்றன. டைர்வுல்ஃப் தான் பிடிக்கும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒலி அளவைக் காட்டும். அது 50-ஐ ஒட்டி இருக்கும்படி வாங்கும் பக்கத்தைத் திருத்தினேன், அது சுலபம். அனுப்பும் பக்கம்தான் பொறுமையைக் கேட்டது. அலைவிலக்கம் (நம் ஒலிக்கேற்ப ரேடியோ அலையின் அதிர்வெண் விலகும் அளவு) 3 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருக்க வேண்டும். கூடிப்போனால் எதிர்முனையில் சத்தம் கணீரென்று கேட்கும், ஆனால் பாக்கெட் பிரியாது. என் பக்கத்திலிருந்து அதைக் கண்டுபிடிக்க வழியில்லை என்பதால், இருபது மைல் தள்ளி பெட்டி வைத்திருக்கும் ஒரு பெரியவரைக் கேட்டுக்கொண்டேன். அவர் தன் திரையைப் பார்த்தபடி "இன்னும் குறை, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லச் சொல்ல நான் ஒலியைக் குறைத்துக்கொண்டே வந்தேன். காதுக்கு மெலிதாகத் தோன்றிய இடத்தில்தான் ஒரு பாக்கெட்கூடத் தவறாமல் போனது.

இந்தப் படியை யாரும் அவசரமாகத் தாண்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 1200 பாட் என்றால் நொடிக்கு அதிகபட்சம் 150 பைட். 256 பைட் கொண்ட ஒரு பாக்கெட்டுக்கு மட்டும் 1.7 நொடி ஆகும். அதற்கு முன்னால் ரேடியோ அனுப்பும் நிலைக்கு மாறுவதற்கான தாமதம், பின்னால் எதிர்முனையின் ஒப்புகை. பாக்கெட்டில் ஒரு பிட் கெட்டாலும் முழுசாகத் திரும்ப அனுப்ப வேண்டும். பாதைத் தரம் சுமாராக இருக்கும்போது பார்வர்டிங்கைத் தொடங்கினால், அலைவரிசை முழுவதும் மறு அனுப்பல்களால் நிரம்பி மற்றவர்களுக்கும் தொல்லை. நான் பாக்கெட் நீளத்தை 128 பைட்டாகக் குறைத்தேன். நல்ல நாளில் இது கொஞ்சம் வீண்தான். மழை நாளிலும் மாலை நேர இரைச்சலிலும் இதுதான் காப்பாற்றியது.

அப்புறம் கணுவின் அமைப்புக் கோப்பு. அழைப்புக்குறி, ஆறு எழுத்துக்குள் ஒரு செல்லப்பெயர், ரேடியோத் துறை (போர்ட்), அஞ்சல்பெட்டிக்கு அழைப்புக்குறியோடு சேரும் ஒரு தனி எண் ஒட்டு. மாதிரிக் கோப்பே தெளிவாக இருக்கிறது, ஒரு மாலையில் முடிந்துவிட்டது. அதன்பிறகு எல்லாவற்றையும் உலாவியில் 8080 துறை வழியே திறக்கும் பக்கத்தில் செய்யலாம்.

இனி பெட்டிக்கு முகவரி. பாக்கெட் உலகின் முகவரி நம் ஊர்க் கடித முகவரி மாதிரி சின்ன இடத்திலிருந்து பெரிய இடத்துக்குப் போகும்: பெட்டியின் அழைப்புக்குறி, புள்ளி, # குறியுடன் வட்டார எண், புள்ளி, ஜிபிஆர் (பிரிட்டன்), புள்ளி, யூரோ (ஐரோப்பா). அமெரிக்கப் பெட்டி ஒன்று கடைசியில் உள்ள யூரோவை மட்டும் பார்த்து ஐரோப்பா பக்கம் தள்ளிவிடும். பிரிட்டனுக்குள் வந்தபின்தான் வட்டார எண்ணுக்கு வேலை. எல்லாப் பெட்டிகளின் பட்டியலையும் எல்லோரும் வைத்திருக்கத் தேவையில்லாமல் போனது இதனால்தான். வட்டார எண்ணை நாமே இட்டுக்கொள்ளக் கூடாது. அக்கம்பக்கத்துப் பெட்டிகள் எதைப் பயன்படுத்துகின்றன என்று கேட்டு அதையே எடுத்துக்கொண்டேன்.

மடல்களில் இரண்டு வகையை நன்றாகப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். தனி மடல் ஒரே பாதையில் போகும், ஒரே பிரதி. புல்லட்டின் எனும் பொதுச் செய்தி வெள்ளமாகப் பரவும். ஜிபிஆர் என்று குறித்தால் பிரிட்டன் முழுவதும், டபிள்யூடபிள்யூ என்று குறித்தால் உலகம் முழுவதும். ஒவ்வொரு பெட்டியும் தன் கூட்டாளிகள் எல்லோருக்கும் கொடுத்தால், ஒரே செய்தி சுற்றிச் சுற்றி வராதா? வராமல் தடுப்பது பிஐடி என்ற அடையாளம். செய்தி முதலில் பிறந்த பெட்டி, வரிசை எண்ணையும் தன் அழைப்புக்குறியையும் சேர்த்துப் 12 எழுத்துக்குள் ஒன்றை ஒட்டும். வழியில் யாரும் அதை மாற்றுவதில்லை. ஏற்கெனவே பார்த்த அடையாளம் வந்தால் பெட்டி வாங்க மறுத்துவிடும்.

இந்த மறுப்பு நடப்பதை நேரில் பார்ப்பதுதான் இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. இணைப்பு கிடைத்ததும் அனுப்பும் பெட்டி மடலை உடனே கொட்டிவிடாது. முதலில் ஒரு பட்டியல் நீட்டும்: வகை, யாரிடமிருந்து, யாருக்கு, அடையாளம், அளவு. ஒரு தடவைக்கு அதிகபட்சம் ஐந்து மடல்கள். வாங்கும் பெட்டி ஒரே வரியில் பதில் சொல்லும். ++-+= என்று வந்தால், முதல் இரண்டும் நான்காவதும் வேண்டும், மூன்றாவது ஏற்கெனவே இருக்கிறது, ஐந்தாவது பிறகு பார்க்கலாம் என்று பொருள். அந்த = குறி பெரும்பாலும், அதே மடலை இந்த நொடியில் வேறொருவரிடமிருந்து வாங்கிக்கொண்டிருக்கும்போது வரும். வேண்டியவை மட்டும் போனபின் திசை மாறும். இப்போது எதிர்ப் பெட்டி தன் பட்டியலை நீட்டும். நொடிக்கு 150 பைட் மட்டுமே கிடைத்த காலத்தில், ஒரு பைட்டையும் வீணாக்கக் கூடாது என்று யோசித்துச் செய்த ஏற்பாடு இது.

மடல் சுருக்கப்பட்டே போகிறது. இதில் பி1 என்ற வகையை இரண்டு பக்கமும் இயக்கி வைத்தோம். பாதி மடலில் இணைப்பு அறுந்தால், அடுத்த தடவை விட்ட இடத்திலிருந்து தொடர அதனால் முடியும். வெளியிலிருந்து கேட்பவருக்குச் சுருக்கிய மடல் குப்பை எழுத்தாகத் தெரியும், அதனால் ரகசியக் குறியாக்கமோ என்று சிலர் சந்தேகப்படுவார்கள். அப்படியில்லை. சுருக்கும் முறை எல்லோருக்கும் தெரிந்தது, யார் வேண்டுமானாலும் விரிக்கலாம். ஹாம் அலைவரிசையில் மறைத்துப் பேசக் கூடாது என்ற விதி இதனால் மீறப்படுவதில்லை.

இவ்வளவும் தெரிந்தபின் கூட்டாளியைச் சேர்ப்பது. அமைப்புப் பக்கத்தில் அவருடைய அழைப்புக்குறியைப் போட்டால் கட்டங்கள் நிறைய வரும். எந்தப் பெயருக்கு வருவதை அவருக்குக் கொடுக்க வேண்டும், எந்த இடத்துக்கான வெள்ளச் செய்திகளைக் கொடுக்க வேண்டும், எந்த இடத்துக்கான தனி மடல்களைக் கொடுக்க வேண்டும், எப்போது கூப்பிட வேண்டும், எப்படிக் கூப்பிட வேண்டும். கட்டங்களை நிரப்புவதற்கு முன் அந்தப் பெரியவரோடு தொலைபேசியில் உட்கார்ந்து பேசினேன். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: பார்வர்டிங் என்பது இரண்டு சிஸாப்புகளுக்கு (பெட்டியை நடத்துபவர்களுக்கு) இடையிலான ஒப்பந்தம், கோப்பில் இருப்பது அதன் நகல் மட்டுமே. அவர் எனக்கு என்ன தருவார், நான் அவருக்கு என்ன தருவேன், யார் யாரைக் கூப்பிடுவது, எத்தனை மணிக்கு என்பதையெல்லாம் பேசி முடித்தபின் நிரப்பினால் குழப்பமே வராது. பேசாமல் இரண்டு பக்கமும் தங்கள் விருப்பப்படி அமைத்தால், உலகத்துக்கான தனி மடலை நான் அவருக்கும் அவர் எனக்கும் தள்ளிக்கொண்டே இருப்போம்.

எங்கள் ஒப்பந்தம் எளிமையானது. தனி மடல்கள் உலகின் எந்த மூலைக்கானாலும் அவரிடம் போகும், ஏனென்றால் அவருக்கு வெளியே பல தொடர்புகள் இருக்கின்றன. அவரிடமிருந்து எனக்கு வருவது என் பெட்டிப் பயனர்களின் மடல்களும், ஜிபிஆர், யூரோ, டபிள்யூடபிள்யூ பொதுச் செய்திகளும். நான் ஒரு மணிக்கு ஒருமுறை அவரைக் கூப்பிடுகிறேன். புதிய தனி மடல் வந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே. உலகப் பொதுச் செய்திகளை இரவில்தான் மாற்றிக்கொள்கிறோம், பகலில் அலைவரிசையில் ஆட்கள் அரட்டை அடிக்க இடம் வேண்டுமே.

கூப்பிடும் முறையைச் சிறிய கட்டளை வரிகளாக எழுத வேண்டும். முதல் வரியில் எந்தத் துறை வழியே யாரை அழைப்பது என்று எழுதி, அது கிடைக்காவிட்டால் மாற்று வழி என்று அடுத்த வரியில் எழுதலாம். நான் ரேடியோவை முதலில் வைத்து, இணையம் வழியாகப் பாக்கெட்டைச் சுமக்கும் யுடிபி இணைப்பை மாற்றாக வைத்தேன். இன்று பல பெட்டிகள் இணையத்தில் மட்டுமே மடல் மாற்றிக்கொள்கின்றன. அதில் தவறு காண எனக்கு மனமில்லை, தூர தேசங்களை இணைக்க அது வேண்டும். ஆனாலும் இருபது மைல் தூரத்துக்கு இணையத்தைத் தேட எனக்கு விருப்பமில்லை. ஊரில் மின்சாரமும் இணையமும் போன நேரத்தில் ஒரு பேட்டரியில் மடல் போக வேண்டும் என்பதற்காகத்தானே இவ்வளவும்.

முதல் இணைப்பு நடந்த இரவில் என் பெட்டி ஒரு மடலை நீட்டியது, எதிரிலிருந்து + வந்தது. பிறகு அவருடைய பெட்டி ஐந்தைந்தாக நீட்ட ஆரம்பித்தது. செயற்கைக்கோள்களின் சுற்றுப்பாதை விவரங்கள், சூரியச் செயல்பாட்டுக் குறிப்புகள், யாரோ ஒருவர் பழைய ரேடியோவைப் பழுதுபார்த்த கதை. ஒவ்வொன்றின் தலையிலும் ஆர் என்று தொடங்கும் வரிகள். கடந்து வந்த ஒவ்வொரு பெட்டியும் தன் பெயரையும் நேரத்தையும் பதித்துவிட்டுப் போகிறது. அந்த வரிகளைக் கீழிருந்து மேலாகப் படித்தால் செய்தி எந்தெந்த நாட்டின் வழியாக வந்தது என்று தெரியும். நான் அன்று வெகுநேரம் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வரிகளில் உள்ள நேரம் யுடிசி எனும் உலகப் பொது நேரம். என்னுடையது பழைய ராஸ்பெர்ரி பை. அதில் மின்சாரம் போனால் நேரத்தைக் காத்து வைக்கும் சில்லு கிடையாது. இணையமும் இல்லாமல் மறுபடி எழுந்தால் தவறான தேதியோடு மடல்களுக்கு முத்திரை குத்தும், பழசு என்று எண்ணிச் சிலவற்றை அழிக்கவும் கூடும். ஒரு சிறிய கடிகாரப் பலகை வாங்கி மாட்டிவிட்டேன். விலை மிகக் குறைவு, முதல் நாளே மாட்டிவிடுங்கள்.

அழிப்பதைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. தினமும் ஒருமுறை பெட்டி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். எந்த வகை மடலை எத்தனை நாள் வைக்க வேண்டும் என்பதை நாம் சொல்லலாம். பிஐடி அடையாளங்களை மட்டும் மடல்களைவிட நிறைய நாள் கூடுதலாக வைத்திருக்க வேண்டும். அடையாளம் முதலில் அழிந்துபோனால், எங்கோ தூங்கிக் கிடந்த பெட்டி ஒன்று விழித்து அனுப்பும் பழைய செய்தியை நம் பெட்டி புதிது என்று வாங்கி எல்லோருக்கும் பரப்பிவிடும்.

புதிதாக வரும் பயனர் எழுதும் மடல்களை நான் பார்த்து அனுமதிக்கும்வரை நிறுத்தி வைக்கும்படி விட்டிருக்கிறேன். என் பெட்டியிலிருந்து கிளம்பும் ஒரு செய்தி பல நாடுகளின் அலைவரிசைகளில் என் அழைப்புக்குறியைச் சுமந்து போகிறது, அதற்கு நான் பொறுப்பு. ஓரிரு மடல்கள் பார்த்தபின் அவருக்குத் தடையை எடுத்துவிடுவேன். அதோடு, ஒவ்வொரு பயனரையும் முதல் தடவை வரும்போதே தன் பெயரையும் தன் வீட்டுப் பெட்டியையும் பதியச் சொல்கிறேன். அந்த விவரம் வெள்ளைப் பக்கங்கள் என்ற முகவரிப் புத்தகமாகப் பெட்டிகளுக்கு இடையே தானாகப் பரவுகிறது. அதில் பெயர் இருந்தால், இடம் தெரியாமல் அழைப்புக்குறியை மட்டும் போட்டு எழுதும் மடலும் வந்து சேரும்.

இப்போது வடக்கே இன்னொரு பெட்டியோடு பேச்சு நடக்கிறது. அவரிடம் 70 செமீ அலைவரிசையில் 9600 பாட் வசதி இருக்கிறது. என் ரேடியோவின் டேட்டா துறையிலிருந்து ஒரு கம்பியை இழுத்து, ஒலி அளவை மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும். அந்த இணைப்பு நிலைபெற்றபின் உலகச் செய்திகளை அவர் வழியாகவும், தனி மடல்களை இப்போது போகிற வழியிலேயும் விடுவதாகப் பேசி வைத்திருக்கிறோம்.